ஊட்டமும் போசணையும்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

கண்டி நகரின் மையத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியிலே, நகரெல்லையைத் தாண்டுவதற்கு முன்னரே வருவது மஹய்யாவ. 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்கு இடப்பட்ட புகையிரதப் பாதை இப்பகுதியை ஊடறுத்துச் செல்கின்றது. நகரின் பொது மயானமும் இங்கேயே உள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இவ்விடத்தை நகரவாசிகள் பலர் ஒரேயொரு காரணம் பற்றியே அறிவர். குடியேற்ற ஆட்சிக் காலத்திலே நகரைத் துப்புரவு செய்யும்பொருட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்தோர் இங்கு வாழ்கின்றனர் என்பதே அக்காரணம். கண்டி மாநகரசபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழி அமைந்தது. நகரம் என்று ஒன்று சட்டத்தால் வரையறுக்கப்பட்டவுடனே அதன் கழிவை அகற்றுவோர் என்ற ஒரு கூட்டமும் வேண்டப்பட்டது.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இம்மக்களின் முழு வரலாற்றையன்று. ஒரு சொல்லை மட்டுமே. கண்டிப் பகுதியிலே தாய்சேய் நல நிலையம் ஒன்றுக்குப் பிள்ளையுடன் செல்லும் தாய்க்கு அங்கு எதிர்ப்படும் சொல் 'போசணை' என்பது. சிலவேளை 'போசாக்கு' என்பது. பிள்ளையின் நிறை குறைந்திருப்பின் அதற்கு வழங்கும் பெயர் 'மந்தபோசணை'. அத்தாய் வீட்டில் இச்சொற்களுள் ஒன்றையேனும் வழங்குவதில்லை. அவள் 'சத்து' என்பாள், 'தெம்பு' என்பாள், பிள்ளைக்குச் சோறு 'ஊட்டி'விடுவாள். பிள்ளை மெலிந்திருப்பின் 'புள்ள தேறல்ல' என்பாள். ஒரே உடலைப் பற்றி இருவகைச் சொற்கள் வழங்குகின்றன. இவ்விரு வகைக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வாறு தோன்றிற்று என்பதே எமது வினா.

'போசணை' வடமொழி அடியாகப் பிறந்தது. 'புஷ்' என்னும் வினையடி செழித்தல், வளர்தல் என்ற பொருளது. 'புஷ்யதி' என்றால் தானே செழிக்கின்றது என்பது பொருள். 'போஷயதி' என்றால் பிறரைச் செழிக்கச் செய்கின்றது என்பது. முன்னதன் வழியில் நமக்கு வந்தது 'புஷ்டி'. பின்னதன் வழியில் வந்தவை போஷணம், போஷகர் முதலியன. சங்கங்களின் நிர்வாகக் குழுப் பட்டியல்களில் தலைவருக்கும் மேலே 'போஷகர்' என்று ஒருவர் பெயர் இருப்பதை வாசகர் அறிவர். அவர் சங்கத்துக்குச் சோறு போடுபவரல்லர். ஆனால் சொல்லின் நேர்ப்பொருள் அதுவே. 'போசாக்கு' என்னும் வடிவத்திலே ஈறு வடமொழிக்குரியதன்று. செல்வாக்கு, போக்கு முதலிய தமிழ்ச் சொற்களின் ஓசைக்கு இயைய நாவில் உருண்டு அமைந்த வடிவமாக அது தோன்றுகின்றது. இந்தியில் உடையைக் குறிக்கும் 'போஷாக்' என்னும் சொல்லோடு இதனை மயக்குதல் கூடாது. அது உடுத்தல், மூடுதல் என்ற பொருளுடைய பாரசீக வினையின் வழிவந்தது, ஒலியொற்றுமை தற்செயலானதே.

இலங்கையிற் சுயமொழிக் கல்வி விரிவடைந்தபோது அறிவியற் கலைச்சொற்களை ஆக்கியோர் 'போசணை'யையே தேர்ந்தனர். உயிரியற் பாடநூல்களிலே தற்போசணி, பிறபோசணி, போசணைப் பொருள் என்பன நிலைபெற்றன. சிங்களத்திலே 'போஷணய' என்றிருத்தல் இத்தேர்வுக்குத் துணை செய்தது எனலாம். 'மந்தபோசணை' சிங்களத்தில் 'மந்தபோஷணய' ஆகும். இரு மொழிக்கும் பொதுவான வடமொழிக் கூட்டுச்சொல்லாக அமைந்திருத்தல் சுற்றறிக்கை எழுதும் உத்தியோகத்தருக்கு வசதியானதே. தமிழ்நாட்டிலோ 'ஊட்டச்சத்து', 'ஊட்டமுறை' என்பன வழக்காயின. இதில் ஒரு சுவையான முரண் உண்டு. தாவரத்தின் உணவாக்கத்தைக் கூறுமிடத்து ஊட்டத்தைக் கைவிட்ட ஈழத்துக் கலைச்சொல்லாக்கம், விலங்கியலிலே 'முலையூட்டி' என்று அதனைக் காத்துக்கொண்டது. தமிழ்நாட்டார் அதனைப் 'பாலூட்டி' என்றனர். இரு கரையாரும் பசுவைப் பொறுத்தவரை 'ஊட்டு' என்பதைக் கைவிடத் துணியவில்லை. இந்திய நடுவணரசு 2018இல் தொடங்கிய திட்டம் 'போஷண்' என்ற பெயரோடு தமிழ்நாட்டுக்கும் சென்றதால், இன்று அங்கும் சுவரொட்டிகளில் இச்சொல் ஏறியுள்ளது.

இனி 'ஊட்டம்' பற்றி நோக்குவோம். இங்கே செய்தி வளமுடையது. ஆதலாற் சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

'உண்' என்னும் வினையடியிலிருந்து நேராகப் பிறந்தவை ஊண், உண்டி, உணா, உணவு என்பன. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து வைப்பது 'உணா'வையே. மரமும் பறையும் யாழும் அதற்குப் பின்னரே வருகின்றன. 'ஊட்டம்' இவ்வரிசையைச் சேர்ந்ததன்று. அது 'ஊட்டு' என்னும் பிறவினையின் வழியே மட்டும் பெறப்படுவது. உண்பது ஒருவர் செயல். ஊட்டுவதற்கு இருவர் வேண்டும். இப்பிறவினையாக்கம் தனித்து நிற்பதன்று. உண் என்பதற்கு ஊட்டு. தின் என்பதற்குத் தீற்று. அருந்து என்பதற்கு அருத்து. முதலிரண்டிலும் குறில் நெடிலாதலும் ஈறு வலித்தலும் ஒரே படித்தாக நிகழ்தல் நோக்கத்தக்கது. இடையிலே ஊண், தீன் என்ற பெயர்களும் அதே நெடிலைக் காட்டுகின்றன. மிகப் பழைய ஓர் ஆக்கமுறையின் எச்சம் இது என்பதில் ஐயமில்லை. கன்னடத்தில் 'ஊட்ட' என்றால் அன்றாடச் சாப்பாடே. மலையாளத்தில் 'ஊட்டு' என்றால் விருந்தளித்தல். திருச்சூரில் யானைகளுக்கு அளிக்கும் விருந்துக்கும் 'ஆனயூட்டு' என்றே பெயர்.

மூன்றனுள் 'அருத்து' ஏட்டோடு நின்றுவிட்டது. 'தீற்று' அவ்வாறு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தாய் பிள்ளைக்குச் சோறு 'தீத்து'கின்றாள். அவ்வழக்கு 'தீற்று' என்பதன் நேர்வாரிசு. மலையகத்தாரும் கண்டி நகரத் தொழிலாளரும் 'ஊட்டு' என்பர். பேராதனையில் விடுதி அறையொன்றிற் சேர்ந்து வாழும் மாணவர் இருவர் தத்தம் தாயை நினைத்துக் கூறும் வினை வெவ்வேறாயிருத்தலும், அவ்விரண்டும் ஒரே இலக்கண அச்சில் வார்க்கப்பட்டனவாயிருத்தலும் எமக்கு எப்போதும் வியப்பளிப்பன. தீத்துதல் கொச்சை என்று திருத்தும் ஆசிரியரும் உளர்! அவர் திருத்துவது சங்ககாலத் தமிழின் இலக்கண அமைதியொன்றை.

'ஊட்டு' என்பதற்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு: சாயம் தோய்த்தல், நிறம் ஏற்றல். அரக்கூட்டுதல், அடிகளுக்குச் செம்பஞ்சூட்டுதல் என்பன அவ்வழக்கு. தீற்றுதலும் சுண்ணம் பூசுதலைக் குறிக்கும். வேர் ஒன்றேதான் என நாம் வற்புறுத்தவில்லை, ஆயினும் இணை வியக்கத்தக்கது. உண்ணும் பொருளாகத் துணியையும் சுவரையும் கருதிய மனப்பாங்கு இதனூடே தெரிகின்றது. துணி சாயத்தை உண்கின்றது, ஊட்டுபவர் சாயக்காரர். இதனை நினைக்குந்தோறும் மலையக வழக்கிலுள்ள 'சாயத் தண்ணி' என்ற தொடர் எம் நினைவுக்கு வரும். பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு இப்பெயர். காலையிற் பிள்ளைக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாத வீட்டிலே கொடுக்கப்படுவது அது. வயிற்றுக்கு நிறம் மட்டும் ஊட்டப்படுகின்றது.

'உண்' துணைவினையாகும்போது பொருள் வேறாகின்றது. கட்டுண்டான், வெட்டுண்டான், தள்ளுண்டான் என்னுமிடங்களில் உண்டவன் யாதொன்றையும் செய்தவனல்லன். பிறர் செய்ததைப் பட்டவன். சிங்களத்திலும் அடியைத் 'தின்னும்' வழக்கு உண்டு. ஆக இவ்வொரு சொற்குடும்பத்தில் இரு நிலைகள் உள்ளன: பிறர் செயலைத் தாங்குதல் ஒன்று, பிறர் கையால் உணவு பெறுதல் மற்றொன்று. ஊட்டம் என்பது தன்னிலே கொடுப்பவர் ஒருவரை மறைத்து வைத்திருக்கும் பெயர். 'போசணை'யும் அதே பிறவினையின் விளைவே என்பதை மேலே கண்டோம். எனவே வடசொல்லா தென்சொல்லா என்ற பழைய வழக்காடலில் எமக்கு அதிக அக்கறையில்லை. இரண்டுக்கும் பொதுவான வினா ஒன்றுண்டு: ஊட்டுபவர் யார்?

இலக்கியத்திலே அவர் தாய். அல்லது பொருநனுக்கும் பாணனுக்கும் இறைச்சியும் சோறும் அளித்த வேந்தன். நிலவுடைமை முதிர்ந்த காலத்தில் அவர் கோயிலாகவும் அரசாகவும் மாறினார். திருவிதாங்கூரிலே அரசு நடத்திய 'ஊட்டுப்புரை'கள் இதற்குத் தக்க சான்று. அங்கே நாள்தோறும் இலவச உணவு வழங்கப்பட்டது, ஆனால் பிராமணருக்கு. நெல்லை விளைவித்தோர் அக்கட்டடத்தை அணுகவும் இயலாது. உழைத்தவன் ஒருவன், ஊட்டப்பட்டவன் மற்றொருவன், ஊட்டியவன் என்ற புகழ் பெற்றவன் மூன்றாமவன். சொல்லின் இலக்கணம் இருவரையே வேண்டிற்று. சமூகம் மூவரை வைத்தது.

இந்த மூவர் கணக்கு மலைநாட்டிலே எவ்வாறாயிற்று என்பதைக் காண, தென்னிந்தியத் தொழிலாளர் வந்த வழியை நோக்குதல் வேண்டும். 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவிற் கோப்பித் தோட்டம் திறந்ததன் பின், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தனர். தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து வரும் அவ்வடபாதை கட்டுகஸ்தோட்டையூடாகவே கண்டியை அடையும். பசியாலும் பேதியாலும் வழியில் இறந்தோர் மிகப் பலர். 'சம்பளம்' என்னும் சொல்லை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் கூடியது அது எனத் தனித்தமிழறிஞர் விளக்குவர். வடமொழிச் 'சம்பல' வழிநடைக்குக் கட்டிச் செல்லும் உணவைக் குறிக்கும். எவ்வழியில் நோக்கினும் சம்பளத்தின் உள்ளே இருப்பது உணவே. தமிழில் அதற்கு நேரான பழஞ்சொல் 'ஆற்றுணா'. மன்னாரிலிருந்து நடந்தோருக்கு ஆற்றுணா கங்காணி கடனாகக் கொடுத்தது. தோட்டத்தை அடைந்தபோது அக்கடனே அவர்களின் முதற் கணக்காயிற்று. ஒரு கூட்டம் தோட்டத்துக்குச் செலுத்த வேண்டிய கடனைக் காட்டும் 'துண்டு' என்னும் கடதாசியின் பேரில் அக்கூட்டமே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிற்று. அம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்ட நிர்வாகங்கள் வெளிநாட்டரிசியைத் தருவித்துத் தொழிலாளருக்கு அளந்தன. அதன் விலை செக்ரோலிற் பதியப்பட்டுச் சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. துரைமாரின் எழுத்துகளில் இது பெரும்பாலும் தொழிலாளரைப் 'பேணுதல்' என்ற தொனியிலே கூறப்படும். உண்மையில் அரிசி கொடையன்று. முன்கூட்டியே உழைப்பாற் கொள்ளப்பட்ட கூலி. கொள்வனவும் கணக்கும் நிர்வாகத்தின் கையில் இருந்தமையாற் கூலி ஊட்டமாகத் தோற்றமளித்தது. எமது கட்டுரையின் மையக் கருத்து இதுவே எனலாம். தன் கூலியை உண்பவனைப் பிறரால் உண்பிக்கப்படுபவனாகக் காட்டும் ஆற்றல் அந்தப் பிறவினைக்கு உண்டு.

நகரத் துப்புரவுத் தொழிலாளரின் நிலை இதனோடு ஒத்தும் வேறுபட்டும் இருந்தது. அவர்களும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர்; 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களையும் நாடற்றவராக்கிற்று. ஆனால் அவர்களுக்கு அரிசி தோட்டக் களஞ்சியத்திலிருந்து வரவில்லை. கடைத்தெருவிலிருந்தும், இரண்டாம் உலகப்போர்க் காலந்தொட்டுக் கூப்பனிலிருந்தும் வந்தது. 'கூப்பன் அரிசி' என்ற தொடர் மக்கள் பேச்சில் அரைநூற்றாண்டுக்கு ஓர் உணவுப் பெயராகவே வாழ்ந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். அரிசியை அரசு ஊட்டுவதாக மக்கள் அன்று எண்ணவில்லை, தமக்குரியதாகவே எண்ணினர். 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு மலைநாட்டை வருத்திற்று. பங்கீடு சுருங்கியது, மாவின் விலை ஏறியது, காணியற்ற தோட்டத் தொழிலாளரிடையே இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. தோட்டங்களிலிருந்து கண்டித் தெருக்களுக்கு வந்து கையேந்தியோரை நேரிற் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உளர்.

அதே 1973இலேதான் 'திரிபோஷ' தொடங்கிற்று. கெயார் நிறுவனத்தின் துணையுடன், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குன்றிய பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்ட சோளமும் சோயாவும் கலந்த மாவு அது. மூன்று போசணைகள் என்பதே பெயரின் பொருள். திட்டம் பயனுடையது, அதனைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. எனினும் ஒரு தாய்க்கென அளந்த பொதி வீட்டில் எல்லோர்க்குமாகின்றது என்பதைப் பொதுநல மருத்துவத்துறையினர் நன்கறிவர். தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருட்டினால் ஐந்து பிள்ளைகளும் கை நீட்டும். ஊட்டுபவர் ஒருவர், உண்பவர் ஒருவர் என்ற கணக்கு அரசின் கணக்கு. அடுப்படியில் அக்கணக்குச் செல்லாது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே சோளம் போதாமையால் திரிபோஷ விநியோகமும் தடைப்பட்டது.

சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் (1964) வழி இந்தியா சென்ற மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள் நீலகிரியிலே வேறொரு பெயரைச் சந்தித்தனர். காமராசர் 1956இற் பரவலாக்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.இராமச்சந்திரன் ஆட்சியிற் 'சத்துணவு' ஆயிற்று. 'சத்து' என்பதும் வடசொல்லே. உள்ளது, உள்ளீடு என்ற பொருளது. ஆயினும் அது ஊட்டுபவரைச் சுட்டவில்லை, உணவினுள் இருப்பதையே சுட்டுகின்றது. மஹய்யாவத் தாய் போசணையை விடுத்துச் 'சத்து' என்று கூறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இலங்கையிலோ பெயர்கள் மாறிக்கொண்டேயிருந்தன: 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. இறுதிப் பெயருக்கு ஆறுதல் என்பது பொருள்.

புள்ளிவிவரங்களும் ஒருவகைச் சொற்களே. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமற்றவர். தோட்டத்துறையில் இது 31.7 வீதம். இவ்வேறுபாடு கொடியது, பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் அவ்வளவீடு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுத்தே கணக்கிடுகின்றது. மஹய்யாவவின் தொழிலாளர் வரிசைகள் தோட்டத்துறையில் அடங்கா. அவை நகரத்துறையிலே, கண்டியின் மாடிவீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்துச் சராசரியாக்கப்படுகின்றன. தோட்டத்தின் 'மந்தபோசணை'க்கு ஒரு நிரல் உண்டு. நகரின் குப்பையை அகற்றுவோரின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இனி அத்தாய் கூறிய சொல்லுக்கு மீள்வோம். 'தேறுதல்' பழஞ்சொல். தெளிதல், நம்புதல் என்பன அதன் முற்பொருள். தெளிந்த கள் 'தேறல்' எனப்பட்டது. நோயினின்று மீளுதல், உடல் பெறுதல் என்பன அவற்றின் வழி வளர்ந்தன. பரீட்சையிற் சித்தியடைதலுக்கும் இச்சொல் ஏற்றது. இதன் பிறவினை 'தேற்று', அதாவது ஆறுதல் கூறுதல். அஸ்வெசும என்பதை இவ்வாறும் மொழிபெயர்க்கலாம். ஆனால் வீட்டில் வழங்குவது பிறவினையன்று, தன்வினை. 'புள்ள தேறுது' என்னுமிடத்து எழுவாய் பிள்ளையே. கொடுத்தவர் எவரும் அவ்வாக்கியத்துள் இல்லை. வடமொழியின் 'புஷ்யதி'க்கு மிக நெருங்கிய தமிழ் அதுவே. ஆயினும் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் எதுவும் அதனைக் கருதவில்லை.

இதே வினைக்குத் தொழிலாளர் பேச்சில் மற்றொரு வழக்கும் உண்டு. கடன், சீட்டு, முற்பணம் யாவும் கழிந்தபின் சம்பளத்தில் எஞ்சுவது யாது என்பதை 'கையில என்ன தேறும்?' என்று வினவுவர். பிள்ளையின் உடலுக்கும் கைக்கு எஞ்சும் பணத்துக்கும் ஒரே வினை வழங்குகின்றது. இத்தகைய வழக்குகளை மஹய்யாவவிலும் அதனையொத்த நகரக் குடியிருப்புகளிலும் முறையாகத் தொகுத்தல் வேண்டும். மலையகத் தோட்டச் சொற்களுக்குச் சிறு தொகுப்புகளேனும் உண்டு. நகரத் தொழிலாளரின் தமிழை எவரும் சொல்லடைவு நோக்கில் நெருங்கவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவில் அவர்கள் வாழ்கின்றனர்.